மஞ்சள் வைத்த உறை

2018 ஒக்டோபர் 15, திங்கட்கிழமை நான் ஜேர்மனியின் காசல் நகரை விட்டுப் புறப்பட்டேன். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பையை இறக்கிவைத்துவிட்டு, கீழ்வீட்டுப் புஷ்பராணி அன்ரியின் சமையலறை மேசையில் என் தபால் வாக்குச்சீட்டை விரித்தேன். ஹெசன் மாநில அரசியலமைப்புக்குப் பதினைந்து திருத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை.

அன்ரி முப்பது வருடமாகப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டித் துடைப்பவர். எங்கள் பகுதி வாக்களிப்பு நிலையமும் அதுதான். பிறப்புச் சான்றிதழ் போரில் எரிந்துவிட்டதால் அவருக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. வாக்கும் இல்லை.

"மரண தண்டனை எத்தினையாவது?" என்று கேட்டார்.

அதை நீக்கும் திருத்தத்தைக் காட்டினேன். "அது எப்பவோ செல்லாமல் போட்டுது அன்ரி. எழுத்திலதான் கிடக்கு."

"செல்லாததை ஏன் பிள்ளை வைச்சிருக்கினம்? உனக்குப் பதினைஞ்சு இருக்கு. ஒண்டை எனக்குத் தா."

அவருடைய தம்பி கொழும்புச் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதி. அந்த வருடம் அங்கே தூக்கைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சு எழுந்திருந்தது. அங்கே அன்ரியால் செய்ய ஒன்றுமில்லை. இங்கே ஒரு கட்டம் இருந்தது.

அந்தத் திருத்தத்துக்கு ஆம் என்று புள்ளடி போட்டு, சீட்டை உறையில் வைத்து ஒட்டினேன். அன்ரி மஞ்சளைக் குழைத்து, கலியாணக் கடிதத்துக்கு வைப்பதுபோல் நான்கு மூலையிலும் தொட்டார்.

"கறி ஊத்திப்போட்டுது எண்டு நினைக்கப் போறாங்கள்."

"நினைக்கட்டும். நல்ல காரியத்தைச் சும்மா அனுப்ப ஏலாது."

அதை வெளியுறைக்குள் போட்டு, ரயில் நிலையத்தில் தபாலில் சேர்த்தேன்.

திருத்தம் நிறைவேறியது. "எங்கட வாக்கும் அதுக்குள்ள இருக்கு" என்று அன்ரி தம்பிக்குக் கடிதம் எழுதினாராம்.

ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஹனோவரில் வந்து தங்கினேன். 2025 பெப்ரவரித் தேர்தலில் தபால் வாக்கு எண்ணும் வேலைக்குப் போனேன். யாரோ ஓர் உள்ளுறையில் பேனாவால் பூ வரைந்திருந்தார்கள். எண்ணும் குழுவின் தலைவர் அதைத் திறக்கவே இல்லை. யாருடைய வாக்கு என்று காட்டக்கூடிய அடையாளம் இருந்தால் எண்ணமாட்டார்களாம். ஒதுக்கி வைத்தார்.

அன்ரியிடம் இதைச் சொல்ல இரண்டு முறை காசலுக்குப் போனேன். இரண்டு முறையும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

போன மாதம் அவரிடமிருந்து செய்தி வந்தது: "பிள்ளை, பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக் குடுத்த சத்தியக்கடதாசியை ஏத்துக்கொண்டிட்டினம். குடியுரிமை கிடைச்சிட்டுது. தம்பிக்கும் சொல்லிப்போட்டன். அடுத்தமுறை என்ர வாக்குக்கு நானே மஞ்சள் வைக்கிறன்."