மூடுபனியில் போனவன் நான்

செவ்வாய்க்கிழமை காலை படகின் அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். எங்கள் முதலாளியான சீனத் தவுக்கே ஆற்றுத்துறைப் படிகளில் ஓட்டமும் நடையுமாக இறங்கி வந்தார். "வீரையா, லிங்கம் போயிட்டான்" என்று மலாயில் சொன்னார். நெஞ்சுவலியாம். விடியற்காலையில், காஜா பெராங்கில் அவருடைய வீட்டிலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

என் மனத்தில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல. 'இனிமேல் துறையில் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள்' என்ற நினைப்புதான். அடுத்த கணமே தார்ச் சட்டியைக் கீழே வைத்தேன். இறந்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபின் இதை மட்டும் மறைப்பது சரியல்ல.

ராமலிங்கம் பிள்ளை அவர்களை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அவர் மலாக்காச் செட்டி சமூகத்தவர்; பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். கோயிலுக்குப் போவார், விபூதி பூசுவார்; வீட்டில் பேசுவது மலாய்தான். தமிழ் கொஞ்சம் பேசுவார், எழுதப் படிக்கத் தெரியாது. ஜப்பான்காரர்கள் போன மறு வருடம் நாங்கள் இருவரும் ஒரே நாளில் தவுக்கேயிடம் வேலைக்குச் சேர்ந்தோம். ஆளுக்கொரு படகு. ஆட்களை ஏற்றிக்கொண்டு புலாவ் பெசார் தீவுக்குப் போய் வருவது வேலை. என் படகில் இஞ்சின் பெரியது. எனக்குத் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும். வயதிலும் அவரைவிட நான் ஒன்றும் இளையவன் அல்ல. இருந்தும் வருகிறவர்கள் அவர் படகைத்தான் தேடுவார்கள்.

பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் கடலை நம்ப முடியாது. ஒரு பருவக்காற்று ஓய்ந்து, அடுத்தது தொடங்காத காலம். மாலையில் இடி மழை. மறுநாள் விடிந்தால் ஆற்றுமுகத்தில் எதிர்க்கரை தெரியாதபடி மூடுபனி. சில நாள் விடியுமுன்பே சுமத்ராப் பக்கத்திலிருந்து சூறைக்காற்று பாய்ந்து வரும். நான் வானொலியில் வானிலை அறிவிப்பைக் கேட்டு, துறையிலிருந்த கரும்பலகையில் தினமும் தமிழில் எழுதி வைப்பேன். 'காலையில் மூடுபனி, பிற்பகலில் இடியுடன் மழை.' எல்லோரும் நின்று படிப்பார்கள். படித்து முடித்து, "லிங்கம் அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரைக் கேட்பார்கள். அவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "வீரா எழுதினது சரிதான்" என்பார். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஆகாது.

மூடுபனி என்றால் அவருக்கு ஒரே சொல்தான்: "நந்தி டூலு." கொஞ்சம் பொறு என்று அர்த்தம். பயணிகளுக்குத் தம் அரைகுறைத் தமிழில் விளக்குவார்: "கண்ணு வேலை செய்யாது, காதுதான் வேலை செய்யும். இஞ்சின் போட்டா காதும் போச்சு. கரையில இருந்தா இங்கேயே இரு. நடுவுல மாட்டிக்கிட்டா கப்பல் போற வழிய விட்டுத் தள்ளிப் போ, நங்கூரம் போடு, மணி அடி, சும்மா குந்து." அவர் படகில் ஒரு பித்தளை மணி இருந்தது. "நாம என்ன, பூசையா பண்றோம்?" என்று நான் கேலி செய்வேன்.

சுதந்திரத்துக்கு முந்தின வருடம், ஒரு பங்குனிக் காலை. செங் என்ற ஊரிலிருந்து ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். தீவிலிருக்கும் இஸ்லாமியப் பெரியவரின் அடக்கத்தலத்தில் குழந்தைக்கு முடியிறக்க நேர்ச்சை. இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது. லிங்கம் கிளம்ப மறுத்துவிட்டார்.

"திரும்புற பஸ்ஸ விட்டுட்டா நாங்க வீடு போய்ச் சேர முடியாதுண்ணே" என்றார் குழந்தையின் தகப்பன்.

"நந்தி டூலு தம்பி. வெயில் ஏறட்டும்."

அவர் மறுத்ததும் எனக்கு நாக்கு துறுதுறுத்தது. "என் படகுல ஏறுங்க. அரை மணியில கொண்டு போய் விடுறேன்" என்றேன்.

லிங்கம் என் அருகில் வந்து தணிந்த குரலில், "வீரா, வேணாம்" என்றார்.

"உனக்குப் பயமா இருந்தா நீ இரு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன்.

முகத்துவாரம் தாண்டியதும் கரை மறைந்தது. சற்று நேரத்தில் என் படகின் முனையே எனக்குத் தெரியவில்லை. திசை தடுமாறியது புரிந்தும், ஒப்புக்கொள்ள மனமில்லாமல் வேகத்தைக் கூட்டினேன். இஞ்சின் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. திடீரென்று எதிரே கரிய சுவர் ஒன்று எழுந்தது. கப்பல்! சுக்கானை ஒடித்துத் திருப்பினேன். அது எங்களை உரசுவதுபோல் கடந்து போயிற்று. அதன் அலை படகைத் தூக்கி அடித்ததில் ஒரு முதியவர் விழுந்து கை முறிந்தது. தண்ணீர் புகுந்து இஞ்சின் நின்றது. குழந்தை வீறிட்டு அழுதது. அதன் தாய் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை.

எவ்வளவு நேரம் மிதந்தோமோ தெரியாது. எங்கிருந்தோ மணியோசை கேட்டது. மூன்று அடி, ஒரு மௌனம். மறுபடியும் மூன்று அடி. "வீரா! சத்தம் குடு!" லிங்கத்தின் குரல். தகர வாளியைக் கவிழ்த்து வெறிபிடித்தவன்போல் அடித்தேன். அவர் ஓடி வரவில்லை. சிறிது தூரம் வருவார், இஞ்சினை நிறுத்துவார், காது கொடுப்பார், மறுபடி வருவார். அப்படி அங்குலம் அங்குலமாக வந்து எங்களைக் கயிறு கட்டி இழுத்துப் போனார். கரையில் தவுக்கே என்மேல் பாய்ந்தபோது, "இஞ்சின் ரோசாக், தவுக்கே. கெட்டுப் போச்சு. வீரா மேல தப்பு இல்ல" என்றார்.

அன்று அவர் என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். திட்டாமல் காப்பாற்றியது எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

மெர்டேகா என்ற சுதந்திரம் வந்த பிறகு அரசாங்கப் படகுக்கு ஒரு செராங், அதாவது தலைமைப் படகோட்டி, தேவைப்பட்டார். இருவருமே மனுப் போட்டோம். அவருக்குத்தான் கிடைக்கும் என்று துறையெல்லாம் பேச்சு. நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். 'இந்த ராமலிங்கம் மூடுபனியில் பயணிகளை ஏற்றிச் சென்று, கப்பலில் மோதப் பார்த்து, ஒரு முதியவரின் கையை முறித்தவர்.' என் குற்றத்தை அப்படியே அவர் பேருக்கு மாற்றிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தக் கடிதம்.

"ஆபீஸ்ல எழுதுற கிராணி குடுத்தாரு. பதில் சொல்லணுமாம். தமிழ்ல இருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாதே. நீ படி வீரா."

படித்தேன். வேறு ஏதாவது இட்டுக்கட்டியிருக்கலாம். முடியவில்லை. ஒரு சொல்லும் மாற்றாமல் படித்தேன். அவர் கேட்டு முடித்து, காகிதத்தை வாங்கி, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"படிக்கத்தான் தெரியாது. இந்த எழுத்த தினமும் போர்டுல பாக்குறேன்ல" என்றார்.

நான் தலை நிமிரவில்லை. என் மனைவி காபி கொண்டு வந்தார். லிங்கம் குடித்து முடித்து, "நல்லா இருக்கு, தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. "அன்னைக்கு மூடுபனியில நான் படகு எடுத்தது நிஜம்" என்று மட்டும் சொன்னாராம். அதுவும் உண்மைதானே, எங்களைத் தேடி எடுத்தார். வேலை வெளியூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. மறுநாளும் பயணிகள் கேட்டபோது, "வீரா எழுதினது சரிதான்" என்றார் லிங்கம்.

புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கம்பத்தில், அதாவது அவர்கள் கிராமத்தில், எங்கும் ஆட்கள். செட்டிகள், சீனர்கள், மலாய்க்காரர்கள், தெங்கேரா மீனவர்கள், தோட்டத்து ஜனங்கள். என் சாவுக்கு இதில் கால்வாசிக் கூட்டமாவது வருமா என்று அங்கேயும் எண்ணினேன். இப்படி ஒரு மனத்தோடு அவருடைய பாடைக்கு முன்னால் நிற்கக் கூசியது. பாடையைத் தூக்கப் போன சமயம், துறையின் ஆட்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அந்தப் பங்குனிக் காலையையும் கடிதத்தையும் சொல்லிவிட்டேன். தவுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் யாரோ காறித் துப்பினார்கள்.

லிங்கத்தின் மனைவி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியும். அவர்தான் சொன்னாரு. உன்னை ஒண்ணும் கேட்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு" என்றார். பிறகு முன்பக்கத்து மூங்கிலைக் காட்டி, "பிடி. உயரம் உனக்குச் சரியா இருக்கும்" என்றார்.

தோள் கொடுத்தேன். வெயிலில், சாலை வழியே, இடுகாடு வரை ஆள் மாற்றிக்கொள்ளாமல் சுமந்தேன்.

ராமலிங்கம் அவர்களே, தங்கள்மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் முழுதாகத் தீரவில்லை. அதையும் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. என் தோள் மூங்கில் அழுத்திக் கன்றியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது. போய் வாருங்கள், ஐயா.