கிடாருக்கு நான் பெண்டு எடுத்தது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் திரும்பும் சாலையில் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் முடித்து, இரண்டு வருடம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிவிட்டு, அதே கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் சான்றிதழை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, டியூப் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அதைத் தினமும் துடைப்பார். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பிடிக்காது.

உருக்காலையில் ஹெல்பராக இருந்த ஒரு அண்ணன் ஷிப்டு முடிந்து கடையில் நின்று பேசிவிட்டுப் போவார். சர்ச்சில் கிடார் வாசிப்பவர். ஒரு சனிக்கிழமை காலை கிடாரோடு வந்தார். பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் வேலையாம், திங்கட்கிழமை வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கிடைத்துவிட்டால் உலைப் பக்கமே போக வேண்டாம். ஆனால் கிடாரின் கழுத்து வளைந்து கம்பிகள் மேலே தூக்கி நின்றன. அழுத்தினால் விரலை அறுத்தன.

"மெட்ராஸ் எட்த்துகினு போனா ஒரு வாரம் ஆவும்ன்றான் நைனா. சர்ச்சுல இருக்கிறதும் இது ஒண்ணுதான்" என்றார் அப்பாவிடம்.

"மெட்ராஸு இன்னாத்துக்கு? எம்புள்ள மெக்கானிக்கல் படிச்சிட்டு சும்மாவா குந்திகினு கீறான்? குடு இப்டி." அப்பா வாங்கி என் மடியில் வைத்தார்.

"இன்னா என்ஜினீயரு, ஆவுமா?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "சாயங்காலம் வாண்ணா" என்றேன்.

சைக்கிள் சக்கரத்துக்கும் கிடாருக்கும் இருந்த ஒற்றுமைதான் என்னைக் கவிழ்த்தது. கோணிப்போய் ஆடும் சக்கரத்தை நேராக்கப் பெண்டு எடுக்கும்போது ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, சத்தத்தை வைத்தே எது தொய்ந்திருக்கிறது என்று பிடிப்போம். கிடாரின் கழுத்துக்குள்ளும் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. நுனியில் நட்டு. முறுக்கினால் வளைவு நிமிரும். ஒரு கம்பி இழுக்கிறது, இன்னொன்று எதிர்த்து இழுக்கிறது. நான் படித்ததும் இதைத்தானே என்று நினைத்தேன்.

நட்டு துருப்பிடித்து அசையவில்லை. சைக்கிளுக்குச் செய்வதையே செய்தேன். மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டேன். ஸ்பேனரின் பிடியில் பைப்பைச் செருகி நீளமாக்கி அழுத்தினேன். கால் சுற்று வந்தது. கழுத்து லேசாக நிமிர்ந்தது. இன்னொரு கால் சுற்று. முதலில் கிடார் கம்பிகளைத் தளர்த்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சக்கரத்தில் எல்லாக் கம்பியும் விறைப்பாக இருக்கும்போதுதானே பெண்டு எடுக்கிறோம்? மூன்றாவது தடவை டப்பென்றது. நட்டுக்குக் கீழே மரம் நீளவாக்கில் பிளந்திருந்தது.

ஸ்போக்ஸ் உடைந்தால் டப்பாவில் இன்னொன்று இருக்கும். அதிகமாக முறுக்கினால் திருப்பிவிடலாம். மரம் அப்படி இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

சாயங்காலம் அண்ணன் குளித்துத் தலை வாரி வந்தார். கிடாரை வாங்கியதும் முகர்ந்து பார்த்தார். "மண்ணெண்ண வாட அடிக்குது?" பிறகுதான் பிளவைப் பார்த்தார்.

அப்பா முந்திக்கொண்டார். "மரம் உள்ளாறயே உளுத்துப் போய் கீது. அதான் புட்டுக்கிச்சி. அவன் இன்னா பண்ணுவான்?" நான் பைப் போட்டு அழுத்தியதை அப்பா பக்கத்தில் நின்று பார்த்தவர்.

"அப்டியா தம்பி?"

தலையை ஆட்டினேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் இன்னாத்த கண்டேன்."

திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு அவர் சைக்கிளில் போனார். கடைப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார்.

அடுத்த வாரம் பின்சக்கரம் ஆடுகிறது என்று வந்து நின்றார். சக்கரத்தைக் கழற்றிக் கம்பிகளைச் சுண்டிக்கொண்டு வந்தேன். அவர் குனிந்து காது கொடுத்தார்.

"இப்ப சுண்டுன பாரு, அது சுதி சேரல. கொஞ்சம் ஏத்து."

ஏற்றினேன். கால் சுற்று. சக்கரம் நேராக ஓடியது. "ஜோரா செஞ்சிட்ட என்ஜினீயரு" என்று ஏறி உட்கார்ந்து, உருக்காலைப் பக்கம் போனார்.