இழைப்புளிக்கு வைத்த பொட்டு

என் சித்தப்பாவுக்கு ஓர் ஆணிகூட ஒழுங்காக அடிக்கத் தெரியாது. செஞ்சியில் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் சந்தையில் பழைய இரும்பு விற்பவனைக் கண்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். துருவேறிய உளி, குறடு என்று எதையாவது வாங்கி வந்து புளிக்கரைசலில் ஊறப்போட்டு, செங்கல்பொடி தொட்டுத் தேங்காய்நாரால் தேய்ப்பார். வெயிலில் ஈரம் போகக் காயவைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பார். அப்படியொரு பொறுமையை அப்புறம் நான் எவரிடமும் பார்த்ததில்லை.

“புளியெல்லாம் துருவுக்கே போனா குழம்புக்கு இன்னா பண்றது?” என்பாள் அம்மா.

ஆயுத பூசை வந்தால்தான் வம்பு. எல்லாச் சாமானுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தால், மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. அதற்குள் பொட்டின் ஈரம் இறங்கி அந்த இடமெல்லாம் துரு பிடித்துவிடும். ஒரு வருடம் சித்தப்பா தன் சாமான்களை ஒளித்துவைக்க, அம்மா பொங்கல்வரை அவரோடு பேசவில்லை.

அதற்கு அடுத்த வருடம் அவருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி தொண்டூர்க்காரி. அவளோடு பேசிய நேரத்தைவிட, மரம் சீவுகிற இரும்பு இழைப்புளி ஒன்றோடு அவர் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். ஆடி, ஆவணி முழுக்கத் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு அதைக் கொண்டுவந்திருந்தார். மறுபடி சண்டை வேண்டாமென்று அதையும் பூசையில் வைத்தார். முகம் மட்டும் செத்துப்போயிருந்தது.

சந்தனப்பொடி குழைக்கிற வேலை சித்திக்கு. கிண்ணத்தில் அவள் தேங்காய் எண்ணெயை ஊற்றினாள். பாவம், தெரியாமல் செய்கிறாளே என்று நினைத்தேன்.

“சித்தி, தண்ணி இங்க இருக்குது.”

“தெரியும். உங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத.”

மறுநாள் அம்மா கற்பூரம் காட்டி முடித்ததும் சித்தப்பா துணியோடு வந்து உட்கார்ந்தார். ஓர் உளியைப் பயந்து பயந்து துடைத்தார். பொட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் துருவே இல்லை. விரலை மோந்து பார்த்தார். அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சித்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ கிளறிக்கொண்டிருந்தாள்.

இழைப்புளியின் பொட்டை மட்டும் அவர் துடைக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நான் கை நீட்டினேன்.

“அது இருக்கட்டும் பாப்பா.”

அன்று சாயங்காலம் சித்தப்பா முதல்முறையாகச் சித்தியைக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போனார். எண்ணெய் விஷயம் தெரிந்துபோய், தனியாக வைத்துத் திட்டப்போகிறார் என்றே நான் நினைத்தேன். சித்திக்காக அழுகை வந்தது. அவர்கள் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் வாசலிலேயே நின்றேன்.