மூடியைத் திறந்தது நான்

பாக்கியம் அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் பாம்பூ பிளாட் போகும் படகுக்காகப் போர்ட் பிளேரின் சாத்தம் ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தேன். லம்பா லைன் வீட்டிலிருந்து அவருடைய மூத்த மகள் போனில் பேசினாள். "அம்மா காலையில போயிட்டாங்க மாமா. டீ கேட்டாங்க, போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள..." என்றாள். படகில் ஏறாமல் திரும்பி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

சில நாள் கழித்து இரங்கல் கூட்டம் வைத்தோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மைக் பிடித்தவர்கள் எல்லோரும் அக்காவை அமைதியானவர், அடக்கமானவர், யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவர் என்றார்கள். வேறு யாருடைய கூட்டத்துக்கோ வந்துவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். எங்களோடு அந்தக் காலத்தில் விருந்தினர் விடுதியில் வேலை பார்த்த ஒருவர், அக்கா ஒருமுறை பெரிய அதிகாரிக்கு வேகாத கறியைப் பரிமாறிய கதையை எடுத்துவிட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். அது அரைக் கதை. மீதி எனக்குத்தான் தெரியும், அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி. போர்ட் பிளேரில் ஒரு விருந்தினர் விடுதியில் நான் ஸ்டோர் கிளார்க். அக்கா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். கட்சால் தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். கணவர் அங்கே காய்ச்சலில் இறந்த பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டார். விடுதிச் சமையலறையில் தினக்கூலி. அந்த வருஷம் நிரந்தரச் சமையலர் வேலை ஒன்று காலியானது. கிடைத்தால் குவார்ட்டர்ஸ் உண்டு, பிள்ளைகள் இங்கேயே படிக்கலாம். கிடைக்காவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு மறுபடி கட்சாலுக்குப் போக வேண்டியதுதான். மேனேஜருக்கோ அந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கவே பிடிக்கவில்லை. குக் என்றால் ஆம்பளைதான் என்பது அவர் கட்சி.

அக்காவுக்கு ஐரிஷ் ஸ்டூ செய்யத் தெரியும். தோட்டத்துப் பங்களாவில் ஏழு வருஷம் வெங்காயம் உரித்துக்கொண்டே, அயர்லாந்துக்காரத் துரைசானி செய்வதைப் பார்த்துக் கற்றது. ஆட்டின் கழுத்துக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பு, மிளகு, தண்ணீர். அவ்வளவுதான். அடியில் மெல்லிசாக நறுக்கிய கிழங்கைப் பரப்புவார், அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். அதன்மேல் கறியும் வெங்காயமும், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய கிழங்குத் துண்டுகள். ராமநாதபுரத்துக்காரனான எனக்கு அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியச் சாப்பாடாகத் தெரிந்தது. கொஞ்சம் மல்லித்தழையாவது தூவலாமே என்றேன். "அப்ப அதுக்கு வேற பேரு வையி தம்பி" என்றார். கப்பல் தாமதமாகி உருளைக்கிழங்கு தீர்ந்துபோன ஒரு வாரம், சேப்பங்கிழங்கைப் போட்டுச் செய் என்று மேனேஜர் சொன்னார். கப்பல் வரட்டும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா பாத்திரம் கழுவப் போய்விட்டார். இவர்தான் எதிர்த்துப் பேசாதவராம்.

அந்தக் கறி நாலைந்து மணி நேரம் மெதுவாக வேக வேண்டும். எங்களிடம் இருந்தது இரண்டே அடுப்பு, சோறும் பருப்பும் அவற்றை விட்டு இறங்காது. துரைசானி, பானையை வைக்கோல் பெட்டிக்குள் வைத்து வேகவிடுவாராம். போர்ட் பிளேரில் வைக்கோலுக்கு எங்கே போவது? அக்கா சாத்தம் மர ஆலையிலிருந்து இரண்டு சாக்கு மரத்தூள் தூக்கிவந்தார். படாக் மரத்தூள், செக்கச்செவேல் என்றிருக்கும். ஒரு பலகைப் பெட்டியில் அதைக் கொட்டி நடுவில் குழி செய்வார். அரை மணி நேரம் தளதளவென்று கொதித்த பானையை மூடியோடு அதில் இறக்கி, மரத்தூள் அடைத்த தலையணையை மேலே அமுக்கி, பெட்டியைச் சாத்திவிடுவார். கீழே நெருப்பே கிடையாது. பானையில் இருக்கும் சூடே மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பரிமாறுவதற்கு முன் இன்னொரு கொதி. நடுவில் மட்டும் யாரும் திறக்கக் கூடாது. "போன சூட்டத் திரும்பக் கூப்பிட முடியாது" என்பார்.

மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து தங்கினார். ஐரிஷ் ஸ்டூ கிடைக்குமா என்று அவரே கேட்டார். இதைச் சரியாகச் செய்தால் உன் பெயரை எழுதி அனுப்புகிறேன் என்று மேனேஜர் அக்காவிடம் சொன்னார். காலை எட்டு மணிக்குப் பானை பெட்டிக்குள் போயிற்று, அக்கா அறைகளுக்கு டீ கொடுக்கப் போனார். மேனேஜர் வந்து பார்த்தார். நெருப்பில்லை, புகையில்லை, உள்ளே என்ன வேகிறது, திறந்து காட்டு என்று என்னிடம் சொன்னார். திறந்தேன். பானையின் மூடியையும் தூக்கிக் காட்டினேன். அது உத்தரவு என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் போன பிறகு எனக்கே சந்தேகம் தாங்காமல் மறுபடி திறந்தேனே, அதற்கு யார் உத்தரவு? ஒரு துண்டை எடுத்து விரலால் அமுக்கிக்கூடப் பார்த்தேன்.

மதியம் ஒரு மணிக்குப் பானை வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அக்கா அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைத்துப் பரிமாறினார். அதிகாரி பல்லால் இழுத்துப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். கட்சால் ரப்பரையே சமைத்துவிட்டாள் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். கூட்டத்தில் நீங்கள் சிரித்தது அந்தச் சிரிப்புதான். மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கப்பலில் கிளம்பு என்றார். பெட்டியைத் திறக்கச் சொன்னது தான்தான் என்று அவர் சொல்லவில்லை. திறந்தது நான்தான் என்று நானும் சொல்லவில்லை.

அக்கா தீவு ஹிந்தியில் அதிகாரிக்கும் கேட்கும்படி சொன்னார். "மாஃபி நஹீ லிக்கேகா சாப். கல் ஃபிர் பகாயேகா." மன்னிப்பு எழுத மாட்டேன், நாளைக்கு மறுபடி சமைப்பேன். மேனேஜர் வாயைத் திறக்கும் முன், சரி, சமைக்கட்டும் என்று அதிகாரி எழுந்து போய்விட்டார்.

அக்கா நேராக ஸ்டோருக்கு வந்தார். என் சட்டைக் கையைப் பார்த்தார். சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது.

"எத்தன தடவ தொறந்த?"

"ரெண்டு தடவக்கா" என்றேன். இப்போதே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். 

"ஒண்ணும் சொல்ல வேணாம். நீ சொன்னா, பாவம் பொம்பளன்னு வேலையக் குடுப்பானுங்க. நாளைக்கு வெந்தா, வெந்ததுக்குக் குடுக்கணும்."

மறுநாள் பெட்டியைச் சமையலறையில் வைக்கவில்லை. அதிகாரியின் அறைக்கு எதிரே, முன் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணி நேரம். மழை பிடித்துச் சாரல் அடித்தது, நகரவில்லை. தாழ்வாரத்தில் போனவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இது என்ன கூத்து, எழுப்பு அவளை என்று மேனேஜர் என்னை அனுப்பினார். "என்னையத் தூக்கி அந்தால வச்சிட்டுத் தொற" என்றார் அக்கா. சொன்னது என்னிடம், பார்த்தது மேனேஜரை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

ஒரு மணிக்கு எல்லோர் முன்னாலும் மூடியை எடுத்தார். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு கொதி விட்டுப் பரிமாறியபோது கறி கரண்டி பட்டதுமே எலும்பை விட்டுக் கழன்றது. அதிகாரி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், மேனேஜர் அக்காவின் பெயரை எழுதி அனுப்பினார். குவார்ட்டர்ஸ் வந்தது. பிள்ளைகள் இருவரும் போர்ட் பிளேரிலேயே படித்து முடித்தார்கள், எனக்குப் போன் செய்த மூத்தவள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஒன்றாக வேலை பார்த்தோம். என் கல்யாணத்துக்கு அவர்தான் சமைத்தார். என் பிள்ளைகளுக்கு அவர் அத்தை. ஆனால் அந்த நாளைப் பற்றி நான் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக நின்றவரைத் தனியே பிடித்துக்கொண்டேன். இன்றைக்காவது மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சொன்னா ஒனக்கு லேசாயிரும் தம்பி. லேசாக வேணாம். இருக்கட்டும்."

அக்கா பெரிய மனதோடு எல்லோரையும் மன்னித்தவர் என்று அடுத்த கூட்டத்தில் யாரும் பேச வேண்டாம். இதை எழுதுவதும் மன்னிப்புக் கேட்டு அல்ல. அன்று கறி வேகாமல் போனது அவர் கையால் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தக் கனம் ஒன்றுதான். அதை நான் இறக்கி வைப்பதாக இல்லை.