மச்சாள் கட்டிவிட்ட கர்ப்பம்

என் கணவரின் அக்காவை, என் மச்சாளை, நான் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுவதுதான் ஒழுங்கு. நல்லநாளில் அவள் வந்தால் நான் பாய் விரித்து உட்காரவைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் ஆறிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். பாய் விரிப்பது வேறு, ஆறுவது வேறு.

எங்கள் பக்கத்துக்கு நெல்லு மில் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தவிடு ஒட்டாத வெள்ளை அரிசிச் சோறு, கெட்டித் தேங்காய்ப்பாலில் ஆக்கிய கறி, வாவியில் பிடித்த மீன் பொரியல், கடைசியில் எருமைத் தயிர். ஒவ்வொரு நாளும் இதைத்தான் சாப்பிட்டோம். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஊசி பிடித்த விரல் மரத்தது. பிறகு உள்ளங்கால் மரத்தது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண் டொக்டர் வந்திருந்தார். அவர் என் காலை அமுக்கிப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். மில் அரிசியை விடவேண்டும் என்றார். தவிட்டோடு குத்திய அரிசி, குரக்கன், கொள்ளு, பயறு, கீரை சாப்பிடச் சொன்னார். தேங்காய்ப்பாலையும் பொரியலையும் குறைக்கச் சொன்னார்.

சொன்னதை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த நாளே எல்லாவற்றையும் மாற்றினேன். காலையில் குரக்கன் பிட்டு. மத்தியானம் தவிட்டரிசிச் சோறு, கொள்ளு, பலாக்கொட்டைக் கறி, பச்சை வல்லாரைச் சம்பல். மாலையில் அவித்த கடலை. வீட்டில் மற்றவர்கள் பழையபடியே சாப்பிட்டார்கள். என் அடுப்பு மட்டும் தனி.

ஒரு கிழமை போவதற்குள் வயிறு பொருமி எழும்பிவிட்டது. தட்டினால் சத்தம் கேட்டது. சேலைக் கொய்யகம் இடுப்பில் நிற்க மறுத்தது. சட்டையின் கடைசிக் கொளுக்கியைப் பூட்ட முடியவில்லை. புளித்த ஏப்பம் வந்துகொண்டே இருந்தது. அடுத்த அடுப்பில் மீன் பொரியும் மணம் வந்தாலே குமட்டியது. குமட்டலுக்கு ஊறுகாய்த் தேசிக்காயைச் சப்பிக்கொண்டு திரிந்தேன். வகுப்பில் என் வயிறு இரைந்தபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதன் பிறகு தையல் வகைகளின் பெயர்களை எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லவேண்டும் என்று ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தேன்.

இந்த நேரத்தில்தான் மகளின் கலியாணப் பேச்சு முடிந்திருந்தது. எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஒரே மகள் என்றால் எல்லாம் அவளுக்கு. மாப்பிள்ளை பெரியகல்லாற்றில் வாத்தியார். மகள் அவரைக் கோயில் திருவிழாவில் பார்த்திருந்தாள். அதிகம் பேசாதவள், என்னிடம் ஒரு தடவை மட்டும், இவர் இல்லாவிட்டால் எனக்கு வேறு ஆள் பார்க்கவேண்டாம் என்று சொன்னாள். வெற்றிலை மாற்றுவது ஒன்றுதான் மிச்சம்.

அந்த மாப்பிள்ளையை முதலில் கேட்டவள் என் மச்சாள். அவளுக்கும் ஒரு மகள், எங்கள் மகளைவிட ஒரு வயது இளையவள், நல்ல பிள்ளை. ஆனால் எங்கள் வயல் குளத்துத் தண்ணீர் பாயும் வட்டையில் இருந்தது. அவளுடையது வானத்தைப் பார்த்த பூமி. கல்லாற்றார் எங்களிடம் வந்தார்கள். மச்சாள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்னைவிட அடிக்கடி வந்துபோனாள், அவ்வளவுதான்.

வந்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள். நான் மீன் தொடவில்லை. தேசிக்காய் சப்புகிறேன். இடுப்பில் கையை ஊன்றி எழும்புகிறேன். பெண் டொக்டரிடம் போய்வந்திருக்கிறேன். என்ன புதினம் என்று கேட்டாள். வாய்வு என்று உள்ளதைச் சொன்னேன்.

“ஓம் புள்ள,” என்றாள், வெற்றிலையை மடித்துக்கொண்டு. “முதல்ல எல்லாரும் வாய்வெண்டுதான் சொல்லுற.”

அடுத்த கிழமை என் கணவரைச் சந்தையில் நாலு பேர் பிடித்துவைத்துக் கேலி செய்திருக்கிறார்கள். இந்த வயதிலும் ஆள் சும்மா இருக்கவில்லை என்றார்களாம். அவர் மறுத்துப் பேசாமல் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோதும் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. அந்தப் பெருமைக்காக அவருக்கு ஒரு கிழமை என் சாப்பாட்டையே போட்டேன். அது சின்னக் கணக்கு.

பெரிய கணக்கு அதற்குப் பிறகு வந்தது. மாப்பிள்ளையின் தாய் சொல்லாமல் கொள்ளாமல் தோணியேறி வந்தாள். கூட ஒரு வயதான பெண், தூரத்துச் சொந்தம் என்றாள். அந்தக் கிழவியின் கண் என் இடுப்பைவிட்டு நகரவில்லை. நான் குனிந்து வெற்றிலைத் தட்டத்தை வைத்தபோது, அவள் கையை நீட்டி என் வயிற்றில் உள்ளங்கையைப் பதித்தாள். தப்பாக நினைக்கவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் அமத்திப் பார்த்தாள். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அவள் கல்லாற்று மருத்துவிச்சி.

“அகலிச்சுக் கிடக்கு,” என்றாள் மாப்பிள்ளையின் தாயிடம், நான் அங்கே இல்லாததுபோல. “பொம்புளப் புள்ளதான்.”

ஆண் பிள்ளை என்று சொல்லியிருந்தால் கலியாணம் நடந்திருக்கும். ஆண் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவன். பெண் என்றால் வயலில் பாதி அவளுக்கு, வளவில் இன்னொரு வீடும் கட்டவேண்டும். மாப்பிள்ளையின் தாய் கோபப்படவில்லை. காணி ரெண்டாகுமென்று யாரும் தங்களுக்குச் சொல்லவில்லையே என்று மெதுவாகக் கேட்டாள்.

“என்ட வயித்தில கிடக்கிறது கொள்ளும் பலாக்கொட்டையும்தான்,” என்றேன்.

அவள் கிழவியைப் பார்த்தாள். கிழவி தலையை ஆட்டினாள், இப்படிச் சொல்லும் எத்தனையோ பேரைக் கண்டவள்போல. பிள்ளை பிறந்த பிறகு பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அன்று பின்னேரம் மகள் கிணற்றடிக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“அம்மா, எனக்கெண்டாலும் உண்மையச் சொல்லுங்க.”

நான் பெற்ற பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி அது. வாளியைக் கீழே வைத்தேன். பதில் சொன்னேன்; அவள் நம்பினாளா என்பது தெரியாது. அந்த நிமிடத்தில் மச்சாளுக்கு ஒன்று செய்யாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

டொக்டரிடம் மறுபடி போனேன். என் சாப்பாட்டைக் கேட்டுவிட்டு அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். “ஒரே நாளில எல்லாத்தையும் மாத்தச் சொன்னனானோ?” என்றார். பிறகு விவரமாகச் சொன்னார். பழக்கமில்லாத குடலுக்கு இதையெல்லாம் ஒரு பிடி ஒரு பிடியாகத்தான் பழக்கவேண்டும். கொள்ளையும் கடலையையும் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் குழைய அவிக்கவேண்டும். முதலில் கீரையைப் பச்சையாகத் தின்னாமல் வதக்கித் தின்னவேண்டும். பலாக்கொட்டை கொஞ்ச நாளைக்கு வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். அப்படியே செய்தேன். பொருமல் வடிந்தது. காலில் மரப்பு போனது. கொஞ்சக் காலத்தில் என் இடுப்பு மகள் பிறப்பதற்கு முன் இருந்த அளவுக்கு வந்தது.

இனி என்னைப் பார்த்தாலே உண்மை தெரியும் என்று நினைத்து, கணவரைக் கல்லாற்றுக்கு அனுப்பினேன். அவர் முகம் கறுத்துத் திரும்பி வந்தார். மச்சாள் அவருக்கு முன்பே அங்கே போயிருந்தாள். பாவம், கரைந்துபோய்விட்டது, வெளியில் சொல்லவேண்டாம் என்று மாப்பிள்ளையின் தாயிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அப்படி நடந்த வீட்டில் உடனே கலியாணம் வைக்கலாமா என்று அவர்கள் தயங்கிக்கொண்டிருக்க, தன் மகளைப் பற்றியும் பேசிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். வயிறு இருந்தாலும் குற்றம், வற்றினாலும் குற்றம். நான் என்ன சொன்னாலும் இனி எடுபடாது.

திங்கட்கிழமை மச்சாள் வந்தாள், ஒன்றும் நடக்காதவள்போல. என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் உடம்பு பருத்தவள். ஞாயிற்றுக்கிழமைக்குத் தைத்த புதுச் சட்டை இறுக்குகிறது என்று எனக்குத் தெரியும். தைத்த பெண் என்னிடம் படித்தவள்.

“குமர்ப்பிள்ளையப் போல இரிக்காய் புள்ள. என்ன திண்டு இப்படி வத்தினாய்?”

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதை அழுத்தி எழுதுகிறேன். குரக்கன் என்றேன், தவிட்டரிசி என்றேன், கொள்ளு, கடலை, பலாக்கொட்டை, பச்சை வல்லாரை என்றேன். ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னது என்றேன். அவள் அவசரக்காரி. எவ்வளவு சாப்பிடவேண்டும் என்று கேட்டாள்.

“நான் முதல் நாளே வயிறு நிறையத்தான் திண்டன் மச்சாள்.”

அதுவும் உண்மை. ஊறவைப்பதைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்லவேண்டும்? என் வீட்டிலிருந்தே ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கொள்ளும் பலாக்கொட்டையும் கொடுத்தனுப்பினேன். வல்லாரையை வாய்க்கால் ஓரத்தில் நானே பிடுங்கிக் கழுவிக் கட்டிக் கொடுத்தேன். என் கையால் வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தாள். தம்பி பெண்சாதி வந்து பரிமாறுவது வழக்கம் என்றாள். நான் பார்க்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. போனேன். கல்லாற்றுக்காரி வந்திருந்தாள், அதே மருத்துவிச்சியோடு. மச்சாள் உள்ளேயிருந்து வந்தபோது நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. புதுச் சட்டையின் கொளுக்கிகள் இரண்டு பூட்டப்படவில்லை. அதை மறைக்கச் சேலைத் தலைப்பை முன்னால் இழுத்துப் பிடித்திருந்தாள். உட்காரப் போனாள், முடியவில்லை, பாதியில் நின்றாள். நெற்றி வேர்த்தது. பொரித்த மீனை நான் அவள் மூக்கருகில் கொண்டுபோனபோது வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அவள் வயிறு நீளமாக ஒருதரம் இரைந்தது. அவளுடைய மகள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

மருத்துவிச்சியின் கண் சுருங்கியது. நான் அவள் காதருகில் குனிந்து, கையை வைத்துப் பார்த்தால் என்ன ஆச்சி என்றேன். அவளுக்கு இரண்டாம் தரம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“இது வாய்வு,” என்றாள் மச்சாள். “சத்தியமா வாய்வு.”

“ஓம் மச்சாள்,” என்றேன். “முதல்ல எல்லாரும் வாய்வெண்டுதான் சொல்லுற.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். அவள் என்னைப் பார்த்தாள். பெட்டி, வல்லாரை, முதல் நாள், எல்லாம் அவளுக்கு ஒன்றாக விளங்கிவிட்டது. ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல வழியில்லை. இந்தச் சாப்பாடுதான் வயிற்றை எழுப்பியது என்று சொன்னால், என் வயிற்றையும் அதுதான் எழுப்பியது என்று ஆகிவிடும்.

கிழவி இரண்டு பக்கமும் அமத்திப் பார்த்துவிட்டு, இதுவும் அகலித்துத்தான் கிடக்கிறது என்றாள். மாப்பிள்ளையின் தாய் சாப்பிடாமலே எழும்பினாள்.

ஆனால் அவள் புத்திசாலி. படலைக்கு வெளியே வந்ததும் நின்று, என் வற்றிய இடுப்பையும் திரும்பி மச்சாள் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு இந்த வயதில் ஒரே மாதிரி வயிறா? இங்கே என்னதான் தின்னுகிறீர்கள் என்று கேட்டாள். அவளை என் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொள்ளுச் சாடியைக் காட்டினேன். டொக்டரின் பேரைச் சொல்லி, போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். அவள் போய்க் கேட்டிருக்கிறாள். அடுத்த கிழமை மருத்துவிச்சி இல்லாமல் வந்தாள், வெற்றிலை மாற்ற நாள் குறிக்கச் சொல்லி.

அவளைத் திருப்பி அனுப்பத்தான் எனக்கு மனம். என் வயிற்றில் கைவைக்க ஆள் கூட்டிவந்தவள் அவள். கதவுக்குப் பின்னால் மகள் நின்றாள். நாளைக் குறித்தோம்.

பெண்ணின் அப்பாவுடைய சகோதரிதான் வெற்றிலைத் தட்டத்தைச் சபைக்குத் தூக்கிவந்து மாப்பிள்ளை வீட்டார் முன் வைக்கவேண்டும். மச்சாள் உடம்பு சரியில்லை, தன்னை விட்டுவிடச் சொல்லி ஆள் அனுப்பினாள். நான் கணவரை அனுப்பி, கட்டாயம் வரவேண்டும், முறை தவறக்கூடாது என்று சொல்லவைத்தேன். வந்தாள். எல்லோரும் பார்த்திருக்க, உள் அறையிலிருந்து முற்றத்துப் பந்தல்வரை அவள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். வீட்டில் இருந்த தட்டங்களில் ஆகப் பாரமான பித்தளைத் தட்டத்தை எடுத்து, வெற்றிலையும் பாக்கும் பழமும் தேங்காயும் விளிம்புவரை அடுக்கி, என் இரண்டு கையாலும் அவள் கையில் கொடுத்தேன்.