ஒரு வீட்டில் இரண்டு முதுகு

என் கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பம் வரைக்கும் எந்த ஃபைபர் படகின் எஞ்சின் மக்கர் பண்ணினாலும் அவருக்குத்தான் போன் வரும். எஞ்சினைப் படகிலிருந்து கழற்றி இறக்க இரண்டு பேர் வேண்டும். அவர் ஒற்றை ஆளாகவே தோளில் சாய்த்து மணலில் இறக்கிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு மாசி மாதக் காலையில் அப்படி இறக்கும்போதுதான் அவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் அப்போது பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அங்கேதான் எனக்கு வேலை. செய்தி கேட்டு வீட்டுக்கு ஓடினேன். மீன் ஏற்றும் வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பலகையில் படுக்கவைத்து அவரைக் கொண்டுவந்தார்கள். முகமெல்லாம் வேர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்: "அந்த எஞ்சின்ல மண்ணு பூந்துடப் போவுது. மூடி வச்சானுங்களானு கேளு."

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், ஓய்வு எடுத்தால் போதும் என்றார்கள். ஓய்வு என்பது அவருக்குத் தெரியாத விஷயம். படுத்தபடியே போனில் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து எழ நான் கை கொடுக்க வேண்டும். குளிக்க வைக்க வேண்டும். லுங்கியை நான்தான் கட்டிவிட வேண்டும். அப்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

என் தம்பி காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நாள் முழுக்க உட்கார்ந்து குனிந்து பார்க்கிற வேலை. அவனுக்குக் கழுத்து வலி வந்து, சென்னையில் கையாலேயே அமுக்கி எலும்பைச் சரிசெய்கிற ஒரு கைரோபிராக்டிக் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தான். பார்க்க வந்தவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகை ஒரு அமுக்கு அமுக்குகிறார்கள். படக்கென்று சத்தம். அந்த ஆள் எழுந்து சிரிக்கிறார். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே படக்குதான் மச்சான். எடம் மாறுன போல்ட்ட எடத்துல ஒக்கார வெக்கிற மாதிரி. எனக்கு இதான் வேணும்."

"அது உனக்கு ஒத்துக்குமானு டாக்டரு பாத்துட்டு சொல்லுவாங்க மாமா," என்றான் தம்பி. அதை அவர் காதில் வாங்கவில்லை.

நடக்க முடிந்ததும் புறப்பட்டோம். பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில். உட்கார்ந்தால் வலது கால் முழுக்கச் சுரீரென்று இழுக்கும் என்பதால் சென்னை வரைக்கும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். ஒரு காலேஜ் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் ஒரு பெண். பிசியோதெரபி படித்துவிட்டு இதையும் படித்தவராம். மல்யுத்த வீரர் மாதிரி ஒருவரை எதிர்பார்த்து வந்த என் கணவருக்கு முதல் ஏமாற்றம் அது. டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா என்று கேட்டார். காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த இடத்துல நான் முறுக்கி அமுக்க மாட்டேங்க."

"வீடியோல படக்னு வருதே?"

"அது மூட்டுக்குள்ள இருக்கற காத்தோட சத்தம். அந்தச் சத்தம் வந்தா உங்க டிஸ்க் உள்ள போயிடாது. உங்களுக்கு மெதுவா இழுத்து விடறதுதான் நல்லது."

இடுப்புக்குக் கீழே தனியாகத் தாழும் ஒரு மேசை இருந்தது. அதில் குப்புறப் படுக்கவைத்து, கீழ்ப்பகுதியை மெல்ல இறக்கி ஏற்றி, முதுகில் கை வைத்து அமுக்கினார். சத்தமே இல்லை. எழுந்தபோது வலி கொஞ்சம் குறைந்திருப்பதாக என் கணவர் சொன்னார். ஆனால் முகத்தில் திருப்தி இல்லை.

வாசலில் அவருக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன். ஒரு காலுக்கு மாட்டிவிட்டு, கையைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். எப்போதும் நிமிர்வது அப்படித்தான்.

"உங்களுக்கு எவ்வளவு நாளாம்மா வலி?" என்று கேட்டார் டாக்டர்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லீங்க. வேலைக்காரங்களுக்கு இருக்கறதுதான்."

"எவ்வளவு நாளா?"

யோசித்துப் பார்த்தேன். அனுப்பம்பட்டுப் பக்கம்தான் என் பிறந்த வீடு. கல்யாணத்துக்கு முன்பு நாற்று நடப் போவேன். அப்போதே இருந்தது. சின்ன மகள் பிறந்த பிறகு கூடியது. சத்துணவு வேலைக்கு வந்து, சோற்றுக் குண்டானைத் தூக்க ஆரம்பித்த பிறகு தினமும் இருந்தது. அதை வலி என்று நான் கணக்கில் வைத்ததே இல்லை. பசி, தூக்கம் மாதிரி அதுவும் சாயங்காலம் ஆனால் வரும் என்று இருந்துவிட்டேன்.

"சின்னவ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து," என்றேன்.

என் கணவர் ஒரு காலில் செருப்போடு என்னையே பார்த்தார். "ஏம்மே, எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"இன்னானு சொல்றது? முதுவு வலிக்குதுனா, நீ இன்னா பண்ணுவ?"

அவர் இன்னொரு செருப்பைக் காலாலேயே இழுத்து மாட்டிக்கொண்டார்.

டாக்டர் என்னையும் சோதித்துப் பார்த்தார். டிஸ்க் கோளாறு மாதிரி தெரியவில்லை, தோள்பட்டைகளுக்கு நடுவில் இறுகிப்போயிருக்கிறது என்றார். மேசையில் படுக்கவைத்து, மூச்சை விடச் சொல்லி, இரண்டு கையாலும் ஓர் அமுக்கு. படக்கென்று அறை முழுக்கக் கேட்டது. நான் பயந்துபோய் அப்படியே கிடந்தேன். எழுந்து மூச்சை இழுத்தால் நெஞ்சு நிறையக் காற்று போனது.

திரும்பும்போதும் ரயிலில் என் கணவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். எண்ணூர் தாண்டியதும் சொன்னார்: "வைத்தியத்துக்கு வந்தது நானு. சத்தம் வந்தது உனுக்கு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகில் இழுக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

கையால் செய்வது பாதிதான், மீதியை வீட்டில் நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். குனியாமல் முழங்காலை மடக்கித் தாழ வேண்டும். பாரத்தை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். இதற்கு டாக்டர் எதற்கு என்று என் கணவர் முணுமுணுத்தார். ஆனாலும் செய்தார். வாரம் ஒருமுறை சென்னைக்கும் போய்வந்தோம். கால் இழுப்பு நின்றது.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. கடலுக்குப் போகாத நாளில்தான் எல்லாரும் எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கக் கொடுப்பார்கள். வலி போய்விட்டது என்ற தைரியத்தில் ஒரு எஞ்சினைத் தனியாகத் தூக்கினார். திரும்பவும் படுக்கை. இந்த முறை எனக்குக் கோபம் வந்தது. என் தோளைப் பிடித்து எழுந்தவரிடம் சொன்னேன்: "உன்ன தூக்கறது நானு. எனக்கும் முதுவு இருக்குது. அது இப்ப உனுக்குத் தெரியும்."

அந்தப் பேச்சு அவரை என்னவோ செய்தது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மூன்று இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து ஒரு ஸ்டாண்டு செய்து, அதில் சங்கிலிக் கப்பி மாட்டினார். இப்போது எஞ்சின் அதில்தான் ஏறி இறங்குகிறது. குப்பத்தில் முதலில் கேலி செய்தார்கள். "இன்னாண்ண, வயசாயிடுச்சா?" என்றான் ஒருவன். "ஆமாண்டா, சங்கிலிய இழு," என்றார் இவர். எனக்கும் பள்ளிக்கூட அடுப்படியில் செங்கல் வைத்து ஒரு மேடை கட்டிக்கொடுத்தார். காய் நறுக்க இனிக் குனிய வேண்டியதில்லை. குண்டானை இறக்க, கூட வேலை செய்கிற அக்காவைக் கூப்பிடுகிறேன். ஆளுக்கு ஒரு காதைப் பிடித்து இறக்குகிறோம்.

காலையில் இரண்டு பேரும் நடக்கப் போகிறோம். கடைத்தெரு வழியாக டச்சுக்காரர் கல்லறை வரைக்கும். அதன் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்க்கவே எனக்குப் பயம். ஒருநாள் என் கணவர் அதன் முன்னால் நின்று, முதுகெலும்பை ஆஸ்பத்திரி ஸ்கேன் மாதிரி விரலால் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். "எனக்கு இங்க. உனுக்கு எங்க?" என்றார். நான் மேலே தொட்டுக் காட்டினேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தி எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

வலி அடியோடு போய்விடவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் அவருக்கு இடுப்பு கனக்கும். பள்ளிக்கூடத்தில் விசேஷச் சமையல் என்றால் எனக்குத் தோளுக்கு நடுவே இறுகும். டாக்டரிடம் இப்போதெல்லாம் எப்போதாவதுதான் போகிறோம். பீரோவைச் சமையலறைப் பக்கம் தள்ளிவிட்டதால் கூடத்தில் இரண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறது. சாயங்காலம் அதில் படுத்து முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துப் பயிற்சி செய்கிறோம். பாதியில் அவர் தூங்கிப்போவார். நான் முடித்துவிட்டு, ஒருக்களித்து எழுந்து, அவர் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துவிட்டு உலை வைக்கப் போவேன்.