மாடியில் ஒரு தட்டு கூடுதல்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு மாடியறையில் போலந்துக்காரப் பெண்மணி ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், கதவு நிலையில் தலை இடித்துக்கொள்ளாமல் அவர் வெளியே வந்த நாள் குறைவு. யாரைக் கண்டாலும் "சாயா குடிச்சோ?" என்று கேட்பார். அவர் கற்ற முதல் மலையாளம் அது. எங்களோடு தமிழையும் கலந்து பேசுவார்; என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம், காய்ந்த துணிகளை எடுக்க மேலே போனேன். அவர் கதவு திறந்திருந்தது. மேஜையில் வெள்ளைத் துணி விரித்து இரண்டு தட்டுகள் வைத்திருந்தார். மீன் வறுத்த வாசனை.

"யாராவது வராளா?" என்று கேட்டேன்.

"இல்லா. எங்க ஊரில் இன்னைக்கு ஒரு பிளேட் அதிகம் வைக்கும். விளிக்காமல், கூப்பிடாமல் யாராவது வந்தால் கொடுக்க."

"வந்திருக்காளா?"

"அம்மா வீட்டில் ஒருதடவை ஒரு ஆள் வந்தது. இங்க யாரும் இல்லா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்குக் கீழே இறங்க மனம் வரவில்லை. துணிகளை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மீன் சாப்பிட மாட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள், உள்ளேயிருந்து மூடிய கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தார். உருளைக்கிழங்கும் பட்டாணியும் கலந்து செய்திருந்தார்.

"இதில் மீன் இல்லா, முட்டையும் இல்லா. எல்லா வருஷமும் சேச்சிக்கு வேண்டி தனியா செய்யும்."

"பின்னே ஏன் ஒருதடவைகூடக் கூப்பிடலை?"

"விளிக்கக் கூடாதே," என்றார்.

முந்தைய வருஷங்களில் அந்தக் கிண்ணத்தை என்ன செய்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.